கீப் இட் அப்: எங்க சொல்லணும், எங்க சொல்லக்கூடாது

யாரையாவது உற்சாகப்படுத்தணும்னா டக்குனு வாயில வர்ற இங்கிலீஷ் கீப் இட் அப் தான், ஆனா அதை கண்ட இடத்துலயும் போட்டுடறோம். இப்போ எப்படி பண்றியோ அதே மாதிரி விடாம பண்ணு, இவ்ளோதான் அர்த்தம். அப்போ ஏற்கனவே ஏதோ ஒண்ணு நல்லா போயிட்டு இருக்கணும் இல்லையா? நாளைக்கு புது வேலைல சேரப்போறவங்ககிட்ட சொன்னா எதைன்னு முழிப்பாங்க, அங்க குட் லக் போதும். எக்ஸாம்ல ஃபெயில் ஆனவன்கிட்ட சொன்னா இன்னும் மோசம், இப்படியே ஃபெயில் ஆயிட்டே இருன்னு வாழ்த்துற மாதிரி ஆயிடும்! அவனுக்கு டோன்ட் கிவ் அப்னு சொல்லுங்க.

அடிக்கடி கண்ணுல படுற தப்பு, "கீப் இட் அப் த குட் வொர்க்". அந்த இட் நிக்கறதே குட் வொர்க்குக்கு பதிலாதான், அப்புறம் ரெண்டையும் சேத்து எதுக்கு? ஒண்ணு கீப் இட் அப், இல்லன்னா கீப் அப் த குட் வொர்க். இட் போட்டா அது நடுவுலதான் வரணும், "கீப் அப் இட்"னு கடைசில தள்ளக்கூடாது. அதே மாதிரி "கீப் அப் ஸ்டடியிங்"னும் எழுதறாங்க, அங்க அப் வேண்டாம், கீப் ஸ்டடியிங் தான் சரி.

வித் சேந்தா கதையே வேற. "ஐ கான்ட் கீப் அப் வித் ஹிம்"னா அவனுக்கு ஈடுகொடுக்க முடியல, "ஐ கான்ட் கீப் இட் அப்"னா இதே வேகத்துல என்னால தொடர்ந்து பண்ண முடியாது. நடந்து முடிஞ்சதை சொல்லணும்னா கெப்ட், கீப்டு இல்ல: "ஷி கெப்ட் இட் அப் ஃபார் சிக்ஸ் மந்த்ஸ்". ஆனா இட் இருக்கற இடத்துல மீ போட்டு "த பேபி கெப்ட் மீ அப்"னா குழந்தை என்னை தூங்கவிடலன்னு அர்த்தம், இதுல உற்சாகமும் இல்ல ஒண்ணும் இல்ல.

கிராமர் சரியா இருந்தாலும் ஆளைப் பாத்துதான் சொல்லணும். இது பெரியவங்க சின்னவங்களை தட்டிக்கொடுக்கற தொனி, மேனேஜருக்கு மெயில்ல போட்டா அவருக்கே நீங்க மார்க் போடற மாதிரி இருக்கும், தேங்க்ஸ் ஃபார் யுவர் சப்போர்ட்னு போட்டா பிரச்சனையே இல்ல. அப்புறம் முன்னாடி இஃப் வந்தா கொஞ்சம் உஷாரா படிங்க, "இஃப் யூ கீப் திஸ் அப், யூ வில் லூஸ் யுவர் ஜாப்"னு மெயில் வந்தா அது பாராட்டு இல்ல, வார்னிங். அதுக்கு தேங்க் யூ சார்னு ரிப்ளை பண்ணி வச்சிடாதீங்க.