காமிக்ஸ் ஓவிய ஏலம்: கை தூக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டு மஞ்சள் ஏலத்துக்கு வருகிற வியாபாரி மூட்டையை மட்டும் பார்த்து விலை போடமாட்டார். மாதிரியில் ஒரு விரலியை எடுத்து ஒடிப்பார், உள்நிறம் பார்ப்பார், அதற்கப்புறம்தான் சீட்டில் எண் விழும். அதே ஊர்க்காரரைக் காமிக்ஸ் ஓவிய ஏலத்தில், அதாவது புத்தகத்துக்காக ஓவியர் கையால் வரைந்த தாள்கள் விலைக்கு வரும் இடத்தில், உட்கார வைத்துப் பாருங்கள். ஃபிரேமைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கிவிடுவார். நானும் அப்படித் தூக்கியவன்தான்.

கோவையில் ஒரு ஹோட்டல் ஹால். பழைய நாணயம், தபால்தலை, சினிமா போஸ்டர்களுக்கு நடுவில் இரும்புக்கை மாயாவி பக்கம் ஒன்று வந்தது. வசன பலூன்கள் தமிழில். நாலாம் வகுப்பு கோடை விடுமுறை அப்படியே கண்முன் வந்து நின்றது. 14,000 ரூபாய்க்கு என் பேரில் விழுந்தது. வீட்டுக்கு வந்த நண்பர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, இது புரோமைடு பிரிண்ட்டுங்க. எழுத்த மட்டுந்தான் கையில எழுதி ஒட்டியிருக்காங்க." புரோமைடு என்றால் புகைப்படத் தாளில் எடுத்த நகல். கேட்லாக்கில் 'அச்சுத் தயாரிப்புப் பிரதி' என்று சரியாகத்தான் போட்டிருந்தார்கள். நான்தான் படிக்கவில்லை.

ஒரு நிமிடம் யோசித்திருந்தாலே தெரிந்திருக்கும். மாயாவி 1962-ல் லண்டனின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய தொடர். வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. முத்து காமிக்ஸ் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது 1972-ல். அவர் கைப்பட வரைந்த தாளில் தமிழ் பலூன் எப்படி இருக்கும்? வெளிநாட்டுக் கதையின் பக்கம், தமிழ் வசனத்தோடு, 'ஒரிஜினல்' என்ற பெயரில் வந்தால் முதல் சந்தேகம் அங்கேயே வர வேண்டும். தமிழில் அசல் என்று தேடினால் நம் ஊர் ஓவியர்கள் தீட்டிய அட்டைப்படங்கள், பத்திரிகைகளுக்கு அவர்கள் வரைந்த சித்திரக்கதைகள் ஆகியவற்றைத் தேடலாம்.

ஏலத்துக்கு முன்னால் பொருள்களைப் பார்வைக்கு வைக்கும் நேரத்தைத் தவறவிடுவதுதான் என் கணக்கில் எல்லாத் தவறுக்கும் தாய். அன்றைக்கு ஒரு டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அளவெடுக்க ஒரு டேப், இவை மூன்றும் பையில் இருக்கட்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் வெள்ளைத் திருத்த மை மேடாகத் தெரியும், ஒட்டுத்துண்டுகளின் ஓரம் நிழல் விழும், பென்சிலை அழித்த தடம் தெரியும். லென்ஸில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அச்சாக இருக்கலாம். அதற்காக உடனே ஒதுக்கிவிடவும் வேண்டாம், சாம்பல் நிறத்துக்காகப் புள்ளித்தாளை வெட்டி ஒட்டுவது ஓவியர்களின் பழைய வழக்கம். ஒட்டிய ஓரம் தெரிகிறதா என்று பாருங்கள். டேப் எதற்கென்றால், மூல ஓவியம் பெரும்பாலும் அச்சான பக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். அமெரிக்க காமிக்ஸில் 1967 வாக்கிலிருந்து வரைபரப்பு சுமார் 10 × 15 அங்குலம், அதற்கு முன் 12½ × 18½ அங்குலம் அளவில் இருந்தது. புத்தக அளவிலேயே ஒரு 'மூலப்பக்கம்' வந்தால் காரணம் கேளுங்கள். பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். முத்திரை, இதழ் எண், பழைய பசை டேப்பின் மஞ்சள் கறை என்று முன்பக்கம் மறைப்பதைப் பின்பக்கம் சொல்லிவிடும்.

அசல் என்பதிலும் சாதி உண்டு. ஒருவர் பென்சிலில் வரைந்ததை ஸ்கேன் செய்து, இன்னொரு தாளில் நீலக் கோடாக அச்சிட்டு, அதன்மேல் வேறொருவர் மை போடுவது இப்போது சாதாரணம். அப்போது ஒரே பக்கத்துக்கு இரண்டு தாள் இருக்கும், நீங்கள் எதை வாங்குகிறீர்கள்? புகழ்பெற்ற அட்டையை அதே ஓவியர் பல வருடம் கழித்து மறுபடி வரைந்து விற்பதும் உண்டு. கையெழுத்து உண்மை, கை உண்மை, ஆனால் அச்சுக்குப் போன தாள் அது இல்லை. முழுக்கக் கணினியில் வரைந்த கதைக்கோ தாளே கிடையாது.

விலையைப் பற்றி. செய்தியில் பார்த்த தொகையை மனதில் வைத்து எல்லாப் பக்கத்தையும் எடை போடாதீர்கள். 2022 ஜனவரியில் டல்லாஸின் ஹெரிடேஜ் ஏலத்தில் ஸ்பைடர்மேன் பக்கம் ஒன்று 33.6 லட்சம் டாலருக்குப் போனது. 'சீக்ரெட் வார்ஸ்' எட்டாம் இதழில் கறுப்பு உடை அவர்மேல் வந்து ஒட்டும் பக்கம் அது. அதே இதழில் நாலு பேர் நின்று பேசுகிற பக்கத்துக்கு அந்த விலை வராது. அட்டைப்படம், பக்கம் நிறைந்த ஒற்றைச் சித்திரம், நாயகன் முகம் தெரியும் பக்கம், வெறும் உரையாடல் பக்கம் என்று படி இறங்கிக்கொண்டே போகும்.

பணக் கணக்கில் நம்மாட்கள் சறுக்குவதுதான் எனக்குப் புரிவதில்லை. மஞ்சளில் கூலி, சாக்கு, லாரி வாடகை வரை பைசா விடாமல் சேர்ப்பவர்கள், இங்கே சுத்தியல் விலையோடு, அதாவது ஏலக்காரர் சுத்தியல் தட்டி முடிக்கிற கடைசி விலையோடு, நின்றுவிடுகிறார்கள். 50,000-க்குச் சுத்தியல் விழுந்தால், வாங்குபவர் கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 10,000, அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 1,800. ஆக 61,800. படத்துக்கான வரி தனி. வெளிநாட்டு ஏலத்தில் நேரலையில் கேட்டால் கூரியர், காப்பீடு, சுங்கவரி எல்லாம் இதன் தலைமேல் ஏறும். அதனால் கையிலிருந்து போகப்போகிற மொத்தத் தொகையை முதலில் முடிவு செய்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, சுத்தியல் விலைக்கான எல்லையைக் கேட்லாக் ஓரத்தில் எழுதிவிடுங்கள். ஹாலுக்குள் போனபின் அந்த எண்ணைத் திருத்தக் கூடாது. 2024 மகா சிவராத்திரிக்குச் சிவகிரிப் பக்கத்துக் கோயிலில் ஒரு எலுமிச்சம்பழம் 35,000 ரூபாய்க்கு ஏலம் போனது. அது சாமி காரியம், கணக்குப் பார்ப்பதில்லை. காமிக்ஸுக்கு அந்தச் சலுகை இல்லை.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசிய விலை அடுத்தவனுக்குத் தெரியாது. இங்கே எல்லாம் வெட்டவெளி. எதிரில் கை தூக்குகிறவர் யார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்து வீம்புக்கு ஏற்றிவிடுவது சகஜம். அவர் நிஜமாகவே வாங்க வந்தவரா என்பது வேறு கேள்வி. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு இதில் தெளிவு. விற்பவர் தரப்பும் விலை கேட்கும் என்றால் அதை முன்பே அறிவித்திருக்க வேண்டும். பொய்க் கேட்பு வைத்து விலை ஏற்றியிருந்தால், வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையை ரத்தாக்கலாம். சுத்தியல் விழும்வரை கேட்ட விலையைத் திரும்பப் பெறவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது. விழுந்தபின் பேச்சில்லை. ஏல விதிமுறைத் தாளையும் படித்துக்கொள்ளுங்கள். 'இருக்கிற நிலையில்' என்ற வார்த்தை அதில் இருந்தால், கறைக்கும் கிழிசலுக்கும் நீங்களே பொறுப்பு.

திருப்பூர் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பக்கத்தை வாங்கினால் தாள்தான் உங்களுடையது, காப்புரிமை தானாகக் கூடவே வராது. "வாங்குனது நானுங்க, டி-ஷர்ட்ல போட்டா என்ன?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரலாம்.

கடைசியில் ஃபிரேம் கடை. ஏலத்தில் தப்பித்த தாள் பாதி இங்கேதான் சாகிறது. ஃபெவிகால் தடவிப் பிளைவுட்டில் ஒட்டுவார்கள், கேட்காமலேயே லேமினேஷன் போடுவார்கள். அமிலமில்லாத அட்டை வேண்டும், பசை தாளில் படக் கூடாது, மாட்டும் சுவரில் வெயில் விழக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் சீட்டைப் பொறுமையாகப் படித்தார். "செரிங்க. அப்பறம் பளபளன்னு லேமினேஷன் போட்டரட்டுங்களா, மேட்டா?" என்றார்.