கிளவுடுக்கு மாறும் கம்பெனிகள் எங்கே தவறுகின்றன: பில், பூட்டு, பேக்கப்

கணக்கு அறை மேசைக்கடியில் பஞ்சுத்தூசி படிந்து ஓடும் சர்வரை எடுத்துவிட்டு கிளவுடுக்கு, அதாவது இன்டர்நெட் வழியே வாடகைக்குக் கிடைக்கும் சர்வருக்கு, போவது பனியன் கம்பெனிக்கும், கரூர் ஏற்றுமதிக்காரருக்கும், கோவை பம்ப் பட்டறைக்கும் நல்ல முடிவுதான். பெரிய முதல் முடங்காது. அவினாசி யூனிட்டும் பெருமாநல்லூர் யூனிட்டும் ஒரே ஸ்டாக்கைப் பார்க்கும். ஆர்டர் குவியும் மாதத்தில் பெரிய மெஷின் (கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் கம்ப்யூட்டர்) எடுத்துக்கொள்ளலாம், வேலை குறைந்ததும் சின்னதுக்கு இறங்கலாம்.

ஆனால் கிளவுடு வாங்கிப் போட்ட பெட்டி அல்ல, மீட்டர். மில்லுக்கு ஹெச்.டி. (உயர் அழுத்த) கரண்ட் வாங்குகிறவருக்கு இது உடனே புரியும்: மோட்டார் ஓடாவிட்டாலும் டிமாண்ட் கட்டணம் வரும். பழைய சர்வரைப் போலவே இதையும் 'போட்டாச்சு, ஓடட்டும்' என்று விடுவதில்தான் பெரும்பாலான நஷ்டம் தொடங்குகிறது.

நிறுத்திய மெஷினுக்கும் பில்

மாதத்துக்குச் சுமார் 730 மணி நேரம். கம்பெனி ஒரு நாளைக்கு 12 மணி நேரம், 26 நாள் ஓடினால் தேவைப்படுவது 312 மணி நேரம்தான். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தானாக நின்று காலையில் தானாக எழும்படி நேரம் வைத்தால், மெஷின் வாடகையில் பாதிக்கு மேல் மிச்சம்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. மெஷினை நிறுத்தினால் அதன் வாடகை மட்டுமே நிற்கும். அதோடு இணைந்த டிஸ்க், பழைய ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் அந்த நேர நகல்), நிலையாக எடுத்து வைத்த பொது ஐ.பி. முகவரி (இன்டர்நெட்டில் மெஷினின் விலாசம்) எல்லாவற்றுக்கும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அமேசான் கிளவுடில் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐ.பி.வி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது மாதம் 3.6 டாலர் போல ஆகிறது. அங்கே ஆர்.டி.எஸ். என்னும் டேட்டாபேஸ் சேவையை நிறுத்தி வைத்தாலும் 7 நாள் கழித்து அது தானாகவே ஓடத் தொடங்கிவிடும். பொங்கல் லீவுக்கு நிறுத்திவிட்டு மறந்தவருக்கு அடுத்த மாத பில்தான் நினைவூட்டும்.

பட்ஜெட் எச்சரிக்கையை 50, 80, 100 சதவீதத்தில் முதல் நாளே வையுங்கள். அது மெயில் அனுப்பும், அவ்வளவுதான். செலவைத் தானாக நிறுத்தாது. அந்த மெயில் முதலாளிக்கும் கணக்காளருக்கும் போகவேண்டும்.

பழைய சர்வரின் சி.பி.யு.வில் 16 கோர் (கணக்கிடும் பகுதி) இருந்தது என்பதற்காக இங்கும் 16 கோர் எடுப்பதும் வீண். பழைய சர்வரிலேயே இரண்டு வாரம் சி.பி.யு., மெமரி எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். சம்பளம் போடும் நாளும் மாதக் கடைசியும் அந்த இரண்டு வாரத்துக்குள் வரவேண்டும். ஓராண்டு, மூன்றாண்டு ஒப்பந்தம் விலையை நன்றாகக் குறைக்கும் என்றாலும், மூன்று மாத பில்லைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊர் மாறிப் போன சர்வர்

அமேசான் கிளவுடின் சர்வர்கள் இருக்கும் மும்பை மையம் 2016-லும் ஹைதராபாத் மையம் 2022-லும் வந்தன. மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான அஸூருக்குச் சென்னையிலும் புனேயிலும் மையம் உண்டு. இருந்தும், திரையில் முன்பே தேர்வாகியிருக்கும் அமெரிக்க மையத்திலேயே மெஷினை உருவாக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு கிளிக்கும் கடல் தாண்டிப் போய் வரும். பின்னால் மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் நகலெடுத்து வேறிடத்தில் புதிதாக எழுப்பவேண்டும்.

கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டாவை மட்டும் கிளவுடில் வைத்துவிட்டு, மென்பொருளை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓட்டுவதும் இதே வகைத் தவறு. ஒரு வவுச்சரைத் திறக்கப் பலமுறை போய்வர வேண்டியிருப்பதால் திணறும். நடுவில் லைன் அறுந்தால் டேட்டாவே கெடலாம். இரண்டையும் கிளவுடில் ஒரே மெஷினில் வைத்து, ரிமோட் டெஸ்க்டாப்பில் (அந்த மெஷினின் திரையை இங்கிருந்தே இயக்கும் வசதி) நுழைவதுதான் முறை. விண்டோஸ் சர்வரில் நிர்வாக வேலைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் நுழையலாம். அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் ஓடும் சலுகைக் காலம் 120 நாள். அதைக் கணக்கில் வைக்காவிட்டால் நாலாவது மாதக் கடைசியில் ஒரு காலை கணக்குப்பிரிவு முழுக்க வெளியே நிற்கும்.

சாவி யார் கையில்?

அக்கவுண்ட்டை ஐ.டி. பையனின் சொந்த மெயிலிலும் செல்போன் எண்ணிலும் திறப்பது நம் பக்கம் சகஜம். அவர் வேலையை விட்டுப் போனால் கம்பெனியின் முழு டேட்டாவும் அவர் பெயரில் நிற்கும். தலைமை அக்கவுண்ட் கம்பெனி டொமைன் மெயிலில் இருக்கட்டும்; இரண்டாம் கட்டப் பூட்டு (பாஸ்வேர்டுக்குப் பின் கேட்கும் குறியீடு) முதலாளியிடம் இருக்கட்டும்; வேலை செய்கிறவர்களுக்குத் தேவையான அளவு அனுமதியோடு தனித்தனிப் பயனர் கொடுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணையும் அன்றே பதியுங்கள். பில்லில் எண் இல்லாவிட்டால் 18 சதவீத வரிக்கு இன்புட் கிரெடிட் கிடைக்காது.

ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை (நுழையும் கதவு எண்) உலகம் முழுவதற்கும் திறந்து வைப்பது மிக ஆபத்தானது. திறந்த கதவைத் தேடும் நிரல்கள் இரவும் பகலும் எல்லா ஐ.பி.யையும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. பாஸ்வேர்டு உடைந்தால் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். ஆபீஸின் நிலையான ஐ.பி.க்கு மட்டும் திறங்கள், அல்லது வி.பி.என். (பூட்டிய தனி இணைப்பு) வழியாக மட்டும் விடுங்கள். தாக்குதல் நடந்தால் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் சொல்லவேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும் என்பது மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவு.

கிளவுடே பேக்கப் அல்ல

டிஸ்க் பழுதானால் அது சேவை நிறுவனத்தின் பொறுப்பு. நீங்கள் அழித்தது, ஊழியர் அழித்தது, திருடன் பூட்டியது எல்லாம் உங்கள் பொறுப்பு. ஸ்னாப்ஷாட்டுகளை அதே அக்கவுண்ட்டில் மட்டும் வைத்தால், உள்ளே வந்தவன் முதலில் அழிப்பது அவற்றைத்தான். ஒரு நகல் வேறொரு அக்கவுண்ட்டில், குறிப்பிட்ட காலம் யாராலும் அழிக்க முடியாத பூட்டோடு இருக்கவேண்டும்.

எத்தனை நாள் வைப்பது? அமேசான் ஆர்.டி.எஸ். தானாக எடுக்கும் பேக்கப் அதிகபட்சம் 35 நாள்தான். ஜி.எஸ்.டி. கணக்குகளையோ, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனம் என்றால், மின்வடிவக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் இருக்கவேண்டும். இது 2022 ஆகஸ்ட் திருத்தம். ஆகவே ஆண்டு நகலைத் தனியாக எடுத்து, விலை குறைந்த ஆழ்சேமிப்பில் வையுங்கள். அமேசானின் டீப் ஆர்கைவ் வகையில் 180 நாளுக்கு முன் அழித்தாலும் அந்தக் காலத்துக்குக் கட்டணம் உண்டு. சாதாரண முறையில் திருப்பி எடுக்க 12 மணி நேரம் வரை ஆகும்; ஆடிட்டர் வரும் நாள் காலையில் தேடக்கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பைப் புது மெஷினில் ஏற்றிப் பாருங்கள். போன மாத ட்ரையல் பேலன்ஸ் ரூபாய் சுத்தமாக ஒத்துப்போகிறதா, எழுந்து நிற்க எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். இப்படிச் சரிபார்க்காத பேக்கப்பை நம்பி இருக்காதீர்கள்.

லைன் அறுந்தால்

1 டி.பி. டிசைன், பேட்டர்ன் ஃபைல்களை 20 எம்.பி.பி.எஸ். அப்லோடு வேகத்தில் ஏற்ற, இடைவிடாமல் ஓடினாலே நாலரை நாளுக்கு மேல் ஆகும். மாற்றும் தேதியை ஷிப்மெண்ட் வாரத்தில் வைக்காதீர்கள். இரண்டு இன்டர்நெட் லைன் எடுத்து இரண்டும் ஒரே பாதையில் வந்தால், பள்ளம் தோண்டும் ஒரு ஜே.சி.பி. இரண்டையும் சேர்த்தே அறுக்கும். ஒன்று கேபிளாகவும் மற்றொன்று வயர்லெஸ்ஸாகவும் இருக்கட்டும். சாயப்பட்டறையின் கலர் டிஸ்பென்சர், எடைமேடை, பவுண்டரி ஃபர்னஸ் கட்டுப்பாடு இவை உள்ளூரிலேயே ஓடட்டும். அளவுகளை மட்டும் சேர்த்து வைத்து, லைன் வந்ததும் கிளவுடுக்கு அனுப்பினால் போதும்.

பழைய சர்வரை ஒரு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் முடியும் வரை எடுக்காதீர்கள். ஆனால் அதில் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். இரண்டு இடத்திலும் என்ட்ரி விழுந்தால், எது சரியான ஸ்டாக் என்பதைக் குடோனுக்குப் போய் எண்ணித்தான் தெரிந்துகொள்ள முடியும்.