குருகு முதலில் குருகாக இருக்க வேண்டும்

கதையை எழுதி முடித்த பிறகு அதற்கொரு குறியீட்டைத் தேடுவதே, புதிதாக எழுத வருபவர்களிடம் நான் அதிகம் காணும் பிழை. மரணம் வரும் பத்தியில் விளக்கு அணைகிறது. பிரிவு வரும் பத்தியில் மழை கொட்டுகிறது. அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர் யார், அந்த மழையில் எந்த வீட்டுக் கொடித்துணி நனைந்தது என்பது கதைக்கே தெரியாதபோது வாசகர் எதையும் நம்புவதில்லை.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்நிலத்துத் தெய்வம், பறவை, மரம், உணவு, தொழில் போன்றவற்றைக் கருப்பொருள் என்கிறது. அவற்றுள் தெய்வம் ஒழிந்தவற்றை இடமாகக் கொண்டே உள்ளுறை, அதாவது வெளிப்படச் சொல்லாமல் உணர்த்தும் பொருள், அமையும் என்றும் வகுக்கிறது. சிறுகதை எழுதுபவருக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் கிடைப்பது அரிது. குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாடலைப் பாருங்கள். தலைவன் தன்னைக் கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களையுடைய குருகு ஒன்று மட்டும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்றது என்கிறாள் தலைவி. அந்தப் பறவை சாட்சி சொல்ல வராது என்று அவள் விளக்கவில்லை. அதற்குத் தன் இரைதான் பெரிது. அவளுடைய தனிமை முழுவதும் அந்தப் பார்வையில் இருக்கிறது.

ஆகவே, முதலில் நன்கு தெரிந்த ஓர் இடத்தையும் பொழுதையும் முடிவு செய்து, அங்கே கதைமாந்தரின் கை அன்றாடம் படும் பொருள்களை எழுதிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்துத் தையற்கடை என்று வைத்துக்கொள்வோம். தன் விருப்பத்துக்கு மாறாக மணம் செய்துகொண்ட தங்கையோடு தையற்காரர் பேசுவதில்லை. அவள் விட்டுப்போன அளவு ஜாக்கெட் மட்டும் கொக்கியில் தொங்குகிறது. அது யாருடையது என்று உதவிக்கு இருக்கும் பையன் கேட்கும்போது முதல்முறை வாசகர் அதைப் பார்க்கிறார். வேலை குவிந்து கொக்கி போதாமல் மற்ற துணிகளைப் பெஞ்சில் அடுக்கும் அவர், அதை மட்டும் கழற்றாதபோது இரண்டாம் முறை பார்க்கிறார். கடைசியில், அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கும் செய்தி வந்த இரவில், அவர் அதை எடுத்துப் புதுத்துணியின் மேல் விரித்து, பழைய அளவுக்கு ஒரு விரற்கடை தள்ளிச் சாக்பீஸால் கோடு போடுகிறார்.

மூன்று முறை போதும். ஒவ்வொரு முறையும் பொருளின் நிலையோ அதைத் தொடும் கையோ மாறியிருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பிறகு ‘மன்னிப்பு’, ‘பாசம்’ போன்ற சொற்கள் வந்திருந்தால் தயங்காமல் அடித்துவிடுங்கள். பிறகு, எழுதியதைத் தையல் தெரிந்த ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அந்த ஒரு விரற்கடையைத் தோளில் விடக்கூடாது, பக்கத்தில்தான் விட வேண்டும் என்று அவர் திருத்தினால், அதை அப்படியே கதையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.