முதல்ல டீச்சருக்கு, அப்புறம் பிள்ளைங்களுக்கு

சிங்கப்பூர் ஸ்கூல்ல மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நிமிஷத்துல நடக்கறத அமைதியா கவனிக்கிற பழக்கம், கொண்டு வரணும்னா முதல்ல டீச்சருங்களுக்குப் பயிற்சி கொடுங்க, தானே செஞ்சு பார்க்காதவங்க சொல்லிக்கொடுத்தா பிள்ளைங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. 1979ல ஜான் கபட்-சின் அமெரிக்காவுல ஆரம்பிச்ச மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியே 8 வாரம், அதனால ஒரே ஒரு மத்தியான ஒர்க்‌ஷாப் பத்தாது. தமிழ் வகுப்புக்கு வேற வேற கிளாஸ்லேருந்து பிள்ளைங்க வந்து சேர்றதுக்குள்ள மூச்சை மெதுவா இழுத்து அதைவிட நீளமா விடுங்க, இதயத்துடிப்பு கொஞ்சம் இறங்கும், ஒரு நிமிஷம் போதும். பிள்ளைங்கள கண்ண மூடச்சொல்லி கட்டாயப்படுத்தாதீங்க ப்ளீஸ், சிலருக்கு அது பயம், கால் தரையில படுறத கவனிக்கச் சொன்னாலே போதும். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) நேரத்துல பெற்றோரையும் சேத்துக்கங்க. ரொம்ப மனசு கஷ்டத்துல இருக்கறவங்கள கவுன்சலர்கிட்ட அனுப்புங்க, இல்ல மனநல உதவி எண் 1771க்கு போன் அடிக்கச் சொல்லுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க.