ஜப்பானியப் போர்க்கொடியில் பெயர் தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

போருக்குப் புறப்படும் ஜப்பானிய வீரனுக்கு வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் பள்ளித் தோழர்களும் வேலையிடத்து ஆட்களும் தேசியக் கொடியின் வெள்ளைப் பரப்பில் தூரிகையால் பெயரெழுதி வாழ்த்திக் கொடுப்பார்கள். இந்தக் கொடியை யோசெகாகி ஹினோமாரு என்பார்கள். அவன் அதை மடித்து உடம்போடு வைத்துக்கொள்வான். இரண்டாம் உலகப் போரில் பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் நேச நாட்டுச் சிப்பாய்கள் அள்ளிக்கொண்டு போன அந்தக் கொடிகள்தான் இப்போது பரணிலிருந்து இறங்கி ஏலத்துக்கு வருகின்றன. சிலர் எழுத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி எனக்கும் படம் அனுப்புகிறார்கள். துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விடுங்கள்.

பெரிய எழுத்தில் இருப்பவர்தான் வீரன் என்று முடிவு கட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கொடியிலேயே பெரிய எழுத்து பெரும்பாலும் பெயரே அல்ல, 'பூஉன் சோக்யூ' என்ற நான்கெழுத்து வாழ்த்து: போரில் நற்பேறு நீடிக்கட்டும் என்று பொருள். அதற்கடுத்துப் பெரிதாக இருப்பது ஊர்த் தலைவரோ தலைமையாசிரியரோ முதலாளியோ போட்ட கையெழுத்தாக இருக்கும், பெரிய மனிதர்கள் எங்கேயும் பெரிதாகத்தானே எழுதுவார்கள். வீரனின் பெயர் பெரும்பாலும் வலது அல்லது இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக இருக்கும். அதன் பின்னால் 'குன்' என்ற அடைமொழி வரும், கையெழுத்துப் போடுபவர் தன் பெயருக்குப் பின்னால் அதைப் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஏலத்தில் கொடி வாங்கிய ஒருவர் இதைக் கவனிக்காமல், தடித்த மையில் இருந்த ஒரு பெயரை இணையத்தில் தேடிப் பிடித்து, அந்தக் குடும்பத்துக்கே 'உங்கள் தாத்தா போருக்குக் கொண்டுபோன கொடி என்னிடம் இருக்கிறது' என்று கடிதம் போட்டுவிட்டார். தாத்தா அந்த ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர், போர்முனைப் பக்கமே போகாதவர். அவர்கள் இதை மோசடி என்று நினைத்துவிட்டார்கள், அடுத்து எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. பிறகு என்னிடம் படம் வந்தபோது ஓரத்தைக் காணோம். கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்கவில்லையென்று இடது ஓரத்தை உள்ளே மடித்துவிட்டாராம்! பிரிக்கச் சொன்னேன், குன்னோடு வீரனின் பெயர் அங்கே இருந்தது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தத் தலைமையாசிரியர் வீட்டார்தான் சரியான ஆட்கள். 'உங்கள் தாத்தா கையெழுத்திட்ட கொடி இது, இந்தப் பையன் யாரென்று தெரியுமா' என்று கேட்டிருந்தால் தெருவில் நாலு பேரை விசாரித்துச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கதவை அவரே சாத்திவிட்டார். வெளிநாட்டு மண்ணில் இறந்த சுமார் 24 லட்சம் ஜப்பானியரில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகூட ஊர் திரும்பவில்லை, பல வீடுகளுக்குக் கல்லோ காகிதத் துண்டோ வைத்த பெட்டிதான் வந்தது. அப்படிப்பட்ட வீட்டுக் கதவைத் தப்பான பெயரோடு தட்டலாமா?

சில்லறைப் பெயர்களை ஒதுக்குவது

வீரனின் பெயர் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். சுற்றியுள்ள பெயர்களில் அபூர்வமான குடும்பப் பெயர் ஒன்று மூன்று நான்கு தடவை வந்தால், அந்தப் பெயர் எந்த வட்டாரத்தில் அடர்ந்திருக்கிறது என்று பாருங்கள். கொடியில் கோயிலின் சிவப்பு முத்திரை இருந்தால் அதுவும் உதவும், ஆனால் சின்ன ஊர்க் கோயிலாக இருந்தால்தான். இசே, யாசுகுனி போன்ற பெரிய கோயில்களுக்கு நாடெங்கிலுமிருந்து போவார்கள். ஊர்ப் பெயரே எழுதியிருந்தாலும் இன்றைய வரைபடத்தில் தேடிக் காணோமென்று கைவிடாதீர்கள்: 1953 முதல் 1961 வரை நடந்த இணைப்பில் 9,868 உள்ளாட்சிகள் 3,472 ஆகக் குறைந்துவிட்டன. பழைய வரைபடம் வேண்டும்.

போன் செயலியிடம் படிக்கக் கொடுப்பது

கிடைமட்டமாக எழுதியதை அந்தக் காலத்தில் வலமிருந்து இடமாகப் படிப்பார்கள். செயலிக்கு அது தெரியாது.

கறையெல்லாம் ரத்தம்

துருவும் அப்படித்தான் இருக்கும். விற்பவருக்கு ரத்தம் என்றால் நல்ல விலை.

சென்னின்பாரியைக் கொடியென்று சொல்வது

அது ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு முடிச்சுப் போட்ட இடுப்புத் துணி. பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழலும் ஆண்டுகளில் புலி ஆண்டில் பிறந்தவள் மட்டும் தன் வயசுக்கு எத்தனையோ அத்தனை முடிச்சுப் போடலாம். ஐந்து சென் காசு தைத்திருப்பதும் உண்டு.

ஒற்றை அடையாளத்தை வைத்துப் போலி என்பது

புற ஊதா டார்ச் அடித்ததும் துணி நீலமாக ஒளிர்ந்தால் போருக்குப் பிந்தைய துணி என்பார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் உண்மையான கொடியை யாராவது சலவைத்தூளில் முக்கியிருந்தாலும் ஒளிரும். எல்லாப் பெயரும் ஒரே கையெழுத்தில் இருக்கிறதா? எழுத்தழகு உள்ள ஒருவர் உட்கார்ந்து எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருக்கலாம். துணி, சாயம், ஓரத்தையல், எழுத்து நான்கையும் சேர்த்துப் பாருங்கள்.

குடும்பத்தைத் தேட விரும்பினால் அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தின் ஆஸ்டோரியாவில் ஓபான் சொசைட்டி இருக்கிறது, 2009 முதல் இதே வேலைதான் செய்கிறார்கள். கண்ணாடிச் சட்டத்தில் இருந்தால் கழற்றி, நான்கு ஓரமும் தெரியும்படி இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள்.