ரெண்டாவது வேல பாத்து அவசரத்துக்கு 45,000 சேத்த கதை, நீங்களும் செய்யலாம்

2023 டிசம்பர் 17 ராத்திரி தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலில எங்க மீனாட்சிபுரம் தெருவுக்குள்ள வந்துச்சு. விடியறதுக்குள்ள பைக்கு முங்கி, ஃப்ரிட்ஜ் சாஞ்சு, அரிசி மூடை நனஞ்சு, நான் வேல பாக்க ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் பத்து நாளு தொறக்கல. அதுக்கு முன்னால பத்து மாசமா போஸ்ட் ஆபீஸ் ஆர்டில, அதாவது மாசாமாசம் தவண கட்டுத சேமிப்புல, மாசம் 1000 ரூவா போட்டுட்டு இருந்தேன், கஷ்டம்னா எடுத்துக்கலாம்னு நெனச்சுத்தான். போய்க் கேட்டப்பதான் தெரியுது, அந்த அஞ்சு வருச ஆர்டிய மூணு வருசம் ஆனாத்தான் இடையில முடிக்க முடியும், அதுமேல கடன் வாங்கணும்னாலும் 12 தவண கட்டியிருக்கணும். திட்டத்து மேல குத்தமே இல்ல, அவசரப் பணத்த அதுல போட்டது எம்மேல குத்தம். வீட்டுல சங்கிலியக் கழட்டிக் குடுத்தா, ஒரு வார்த்த பேசல. அத வாங்கிட்டு அடகுக்கடை படி ஏறுன அன்னைக்கு முடிவு பண்ணதுதான் இந்த ரெண்டாவது வேல.

அடகு வைக்க நகையும் இல்லாதவங்களுக்கு நம்ம ஊர்ல அடுத்த வாசல் கந்துவட்டி. 2017 அக்டோபர்ல கலெக்டர் ஆபீஸ்ல ஒரு குடும்பமே தீக்குளிச்சத நாம எல்லாரும் பாத்தோம். அதனாலதான் இத இவ்வளவு விரிவா எழுதுதேன்.

ஸ்டெப் 1: எவ்வளவு வேணும்?

ஆறு மாசச் சம்பளம்னு சொல்லுவாவ, அதக் கேட்டாலே மலச்சுப் போயிரும். சம்பளத்த விடுங்க, வீடு ஓட என்ன வேணும்னு மட்டும் எழுதுங்க. எங்க வீட்டுக்கு வாடக 4500, பலசரக்கு 5000, கேஸ் கரண்டு 1400, ஸ்கூல் வேன் 1100, அம்மா மாத்திர 900, பைக் டியூ 1600. மொத்தம் 14,500. மூணு மாசத்துக்கு 43,500, நான் 45,000னு வச்சுக்கிட்டேன்.

ஸ்டெப் 2: என்ன வேல?

மொதல்ல டெலிவரி வேல மூணு வாரம் பாத்தேன். பெட்ரோல், பஞ்சர், மழ எல்லாம் கழிச்சா கையில நிக்கது ரொம்பக் கம்மி. இன்னொண்ணு, சொந்த உபயோகத்துக்குப் போட்ட பைக் இன்சூரன்ஸ வச்சு டெலிவரி ஓட்டயில அடிபட்டா கிளெய்ம மறுக்கலாம், இத யாரும் சொல்ல மாட்டாவ, பாலிசிய எடுத்துப் பாத்துக்கோங்க. கடைசில நயினார்குளம் மார்க்கெட்ல ஒரு கமிஷன் கடையில சிட்ட எழுதுத வேல கெடச்சுது. காலையில மூணு மணில இருந்து ஏழு மணி வர, நாளுக்கு 300. சைக்கிள்ல ஈரடுக்கு பாலம் தாண்டிப் போயிருவேன். லோடு எறங்க எறங்க யாரு பேர்ல எத்தன மூடை, எவ்வளவு எடை, கூலி எவ்வளவுன்னு எழுதணும், தக்காளிச் சாறுல பேப்பர் ஊறிப்போயி பேனா எழுதாது, அதனால பென்சில் வச்சுக்கிட்டேன். எனக்குக் கேட்டா அதிகால வேலதான் நல்லது, சாயங்காலம் பிள்ளைய கூட இருக்கலாம். ஆனா ராத்திரி எட்டரைக்கு லைட்ட அணச்சிறணும், அதுல சமாதானமே கெடையாது.

பகல் வேல மொதலாளிட்ட சொல்லிருங்க. வேலைக்குச் சேந்தப்ப குடுத்த ஆர்டர்ல வேற வேல பாக்கக் கூடாதுன்னு இருக்கான்னு படிங்க. அரசாங்க வேலையில இருக்கவங்களுக்கு நடத்தை விதியே தடுக்கு, அவங்க இதுல எறங்க வேண்டாம்.

ஸ்டெப் 3: பணம் கையில தங்கக் கூடாது

நான் விழுந்த எடம் இதுதான். மொத ரெண்டு மாசத்துல 15,600 சம்பாதிச்சேன், சேந்தது 3200. மிச்சம் எங்கன போச்சுன்னா, எங்கயும் போகல, தெனமும் மூணு நூறு ரூவா நோட்டு சட்டப் பையில இருந்தா டீ, இட்லி, வழியில காய், பிள்ளைக்கு பேனா, பக்கத்துக் கடைக்காரர் கேட்ட கைமாத்துன்னு தானா கரஞ்சிருது. நூறு ரூவா நோட்டுதானேன்னு தோணும் பாருங்க, அந்த நெனப்பே வரக்கூடாது.

அப்புறம் கடை அண்ணாச்சிட்ட போயி, "தெனச் சம்பளம் வேண்டாம் அண்ணாச்சி, சனிக்கிழம மொத்தமா ஜிபேல போட்டு விடுங்க"ன்னு கேட்டேன். "நீ நல்லா இருப்பே தம்பி"ன்னாரு. அவர் போடுதது வேற ஒரு பேங்க்ல இதுக்குன்னே தொறந்த கணக்கு. வர்ற பணத்துக்குத்தான் அந்த கணக்கு, செலவு பண்ணுத ஆப்ல அத சேக்கவே இல்ல, ஏடிஎம் கார்டு பீரோவுல. மறக்காம நாமினி போட்டு, பாஸ்புக் எங்க இருக்குன்னு வீட்டுல சொல்லி வையுங்க. நமக்கே ஒண்ணு ஆச்சுன்னா?

பிறகு மாசம் 6500 சொளையா நின்னுச்சு, ஏழு மாசத்துல 45,000.

ஸ்டெப் 4: எங்க வைக்கது

ஒரு நாள்ல கையில வரணும், ஒரு நிமிசத்துல வரக்கூடாது. என் கணக்கு இது: 12,000 சேவிங்ஸ்ல, 30,000த்த மூணா பிரிச்சு 10,000 வீதம் மூணு எஃப்டி, அதாவது இத்தன நாளுக்குன்னு பேங்க்ல போட்டு வைக்க டெபாசிட். ஒரே எஃப்டியா போட்டா 8000 வேணும்னாலும் முழுசையும் ஒடைக்கணும், பிரிச்சுப் போட்டா ஒண்ண மட்டும் ஒடைச்சா போதும், வட்டி கொஞ்சம் கொறையும் அவ்வளவுதான். வரி மிச்சப்படுத்துத அஞ்சு வருச எஃப்டி வேண்டவே வேண்டாம், அத இடையில ஒடைக்க முடியாது. மிச்சம் 3000 ரொக்கமா, பாலிதீன்ல சுத்தி பரண்ல. வெள்ளத்தப்ப கரண்டு இல்ல, டவர் இல்ல, ஏடிஎம் இல்ல, கையில நோட்டு இருந்தவருக்குத்தான் பால் பாக்கெட் கெடச்சுது.

சீட்டுல போடலாமான்னு நெறய பேரு கேக்காவ. இந்தப் பணத்தப் போடாதிய. பேங்க் டெபாசிட்டுக்கு 5 லட்சம் வர இன்சூரன்ஸ் இருக்கு, தெருச் சீட்டு நடத்துதவரு ராத்திரியோட ராத்திரியா ஊரக் காலி பண்ணா நாம யாரப் போய்க் கேக்க?

பிறகு சேத்தது: போன தடவ இத எழுதுனதும் பேட்டையில இருந்து ஒரு அக்கா, பேங்க்ல நேர்ல போயி எஃப்டி போட்டதால ஒடைக்கவும் நேர்லதான் போகணும்னு சொல்லி, ரெண்டு நாள் லீவு முடியுத வர காத்திருந்தத சொன்னாவ. ஆப்லயே போட்டுக்கோங்க, ஆப்லயே ஒடைக்க முடியுதான்னு மொத எஃப்டி போடும்போதே பாத்துருங்க.

இன்னொருத்தர் சொந்தக்காரங்க விசேசத்துக்குச் செய்யுத மொய், சீருக்கு எடுக்கலாமான்னு கேட்டாரு. சடங்கு, கல்யாணம், ஆனித் தேருக்குத் துணி எல்லாம் வரும்னு முன்னாலயே தெரியும், அதுக்குத் தனி உண்டியல் போடுங்க. மச்சான் கேட்டாலும் இதுல இல்ல. ஆஸ்பத்திரி, வேல போறது, வீட்டுக்குள்ள தண்ணி, இந்த மூணுக்கு மட்டும்னு நாங்க ரெண்டு பேரும் பேசி நோட்டுல எழுதி வச்சிருக்கோம். வருமான வரி கணக்கு தாக்கல் பண்ணா இந்த வருமானத்தையும் காட்டிருங்க.

சங்கிலியத் தீபாவளி போனஸ்ல மீட்டாச்சு. போன மாசம் அம்மா வழுக்கி விழுந்து கை ஒடஞ்சதுல ஒரு எஃப்டிய ஒடச்சோம், சாயங்காலமே பணம் வந்துட்டு, யாருட்டயும் கேக்கல. அந்த 10,000த்த திருப்பிப் போட அண்ணாச்சிட்ட சொல்லிட்டேன், திங்கக்கிழமயில இருந்து மறுபடி மூணு மணிக்கு.