பழைய மேசையும் புதிய சோபாவும்: ஒரே அறையில் இணக்கும் வழி

கடைசல் கால் வைத்த பழைய மேசை, மெல்லிய கால்கள் கொண்ட புதிய சோபாவுக்கு எதிரே சில வீடுகளில் அழகாக உட்கார்ந்துவிடுகிறது. சில வீடுகளில் துருத்திக்கொண்டு நிற்கிறது. பொருந்தவில்லை என்றால் உடனே பாணியைக் குறை சொல்லத் தோன்றும். பெரும்பாலும் கோளாறு உயரத்தில்தான் இருக்கும். அதனால் துணி, வண்ணம் என்று இறங்கும் முன் அளவு நாடாவை எடுங்கள்.

உயரம்

இன்றைய சாப்பாட்டு மேசைகள் பொதுவாக 72 முதல் 76 செ.மீ. உயரம், நாற்காலி இருக்கை 43 முதல் 46 செ.மீ. பழைய மேசைக்குப் புது நாற்காலி வாங்கும்போது பலரும் மேல்பலகையின் உயரத்தை மட்டும் அளக்கிறார்கள். இடிப்பது அதன் அடியில் ஓடும் சட்டம். மேசை 75 செ.மீ. உயரம், பலகை 3 செ.மீ. கனம், சட்டம் 12 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். சட்டத்துக்குக் கீழே தரைவரை மிஞ்சுவது 60 செ.மீ. இருக்கை 46 என்றால் தொடைக்கு 14 செ.மீ.தான் கிடைக்கும், கால் உள்ளே போகாது. குறைந்தது 17 வேண்டும். 43 செ.மீ. இருக்கையைத் தேடுங்கள், அல்லது மேசைக் கால்களுக்கு அடியில் 3 செ.மீ. கட்டை கொடுங்கள். பழைய நாற்காலியானாலும் மேசையானாலும் காலை மட்டும் அறுக்காதீர்கள். அறுத்ததை ஒட்டவைக்க முடியாது.

சோபாவுக்கு முன்னால் வரும் மேசை, இருக்கை உயரத்துக்குச் சமமாகவோ 5 செ.மீ. வரை தாழ்வாகவோ இருக்கட்டும்; இரண்டுக்கும் இடையே 40–45 செ.மீ. விடுங்கள். பழைய மரப்பெட்டியை இந்த இடத்தில் வைக்க ஆசைப்படுவோர் நிறைய. அது 50 செ.மீ. தாண்டினால் சோபாவின் கைப்பிடி ஓரத்துக்கு நகர்த்துங்கள், விளக்கு வைக்க அருமையான மேடை. நடக்கும் வழிக்கு 75 முதல் 90 செ.மீ. வேண்டும், வெளியே திறக்கும் பழைய அலமாரிக் கதவையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

எவ்வளவு பழசு, எங்கே

பாதிக்குப் பாதி வைத்தால் அறை கிடங்கு போலாகிவிடும். ஒரு பாணி முக்கால் பங்கு, மற்றது கால் பங்கு என்று வைத்துக்கொண்டால் கண் தடுமாறாது. செதுக்கு வேலை நிறைந்த பொருள் ஒரு அறைக்கு ஒன்று போதும், அதன் பக்கத்தில் வருவது வெறுமையாக இருக்கட்டும். தரையோடு ஒட்டி நிற்கும் கனத்த அலமாரிகளை ஒரே சுவரில் அடுக்கினால் அறை அந்தப் பக்கம் சாய்ந்தது போலத் தெரியும். எதிர்ச்சுவரில் நீளமான சோபா, அதன் மேல் பெரிய படம் என்று எடை கூட்டுங்கள்.

மரத்தின் நிறம்

மரத்தின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சிவப்பு ஓடுகிறதா, மஞ்சளா, சாம்பல் கலந்த பழுப்பா என்பது உடனே தெரியும். ஒரே சாயல் ஓடும் மரங்கள், ஒன்று வெளிறியும் ஒன்று கறுத்தும் இருந்தாலும் இணங்கும். ஏறக்குறைய ஒத்துப்போகும் நிறம்தான் மிக மோசம்: ஜோடி சேர்க்கப் பார்த்துத் தவறியது போலிருக்கும். மரத்தரையும் மேசையும் அப்படி அமைந்துவிட்டால் நடுவில் விரிப்பு போடுங்கள். பித்தளைக் கைப்பிடி இருந்தால் அந்தப் பித்தளை விளக்குத் தண்டிலோ கண்ணாடிச் சட்டத்திலோ இன்னொரு முறை வரட்டும். விளக்கின் ஒளிநிறம் 2700–3000 கெல்வினில் (இதமான மஞ்சள் வெளிச்சம்) இருந்தால் மரத்தின் சூடான நிறம் சாகாது.

வீட்டுக்குள் கொண்டுவரும் முன்

பூச்சியைத்தான் முதலில் பார்க்க வேண்டும், புதுச் சாமானுக்கும் அது பரவலாம். 1–2 மி.மீ. துளைகள் இருந்தால் அடியில் கறுப்புத்தாள் விரித்து இரண்டு வாரம் தனியே வையுங்கள். புதிதாக மாவு கொட்டியிருந்தால் உள்ளே இன்னும் உளு (மரத்தைத் துளைக்கும் பூச்சி) அரித்துக்கொண்டிருக்கக்கூடும். பூச்சிமருந்து அடித்து அது அடங்கிய பிறகுதான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

அடுத்து மேல்பூச்சு. கண்ணில் படாத இடத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் பிசுபிசுத்தால் அது அரக்குப் பூச்சு. சூடான கோப்பையும் ஸ்பிரிட் கலந்த சுத்திகரிப்பான்களும் அதற்கு ஆகாது. பழசைப் புதுசோடு சேர்ப்பதற்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய இழப்பு. பல பத்தாண்டுகள் கைபட்டுக் கனிந்த நிறம் அந்த மேல்படலத்தில்தான் இருக்கிறது. பெயிண்ட் அடித்த பழம்பொருள் என்றால் ஈயம் இருக்கக்கூடும். சோதிக்காமல் உலர்வாகத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசு நஞ்சு.

நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, தேன்மெழுகைக் குழைவாக, மரத்தின் ரேகை ஓடும் போக்கில் மெலிதாகப் பூசுங்கள். 15–20 நிமிடம் கழித்துத் துணியால் தேய்த்தால் போதும். வருடத்துக்கு ஒருமுறை, இருமுறைக்கு மேல் வேண்டாம். சிலிக்கோன் கலந்த ஸ்பிரேக்களைத் தவிருங்கள். பின்னாளில் பாலிஷ் போடும்போது அது ஒட்டாமல் குழிகுழியாக விலகும்.

ஆடும் கால்களில் ஆணி அடித்தால் கழுந்து, அதாவது துளைக்குள் செருகி நிற்கும் மர முனை, பிளக்கும். பழைய மூட்டுகள் பெரும்பாலும் வஜ்ஜிரத்தில் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) ஒட்டியவை. வெந்நீர்த் துணியால் இளக்கிப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி வஜ்ஜிரமே தடவிக் கிளாம்ப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள்.

ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் பழைய மரம் சுருங்கிப் பலகை வெடிக்கும். ஈரப்பதம் 40–60 சதவீதத்துக்குள் நிற்கட்டும், சுவரிலிருந்து 3–5 செ.மீ. தள்ளி வையுங்கள். மேசைமேல் கண்ணாடி போடுவதானால் மூலைகளில் தெளிவான சிலிக்கோன் பொட்டுகள் வைத்து இடைவெளி விடுங்கள். கண்ணாடி நேராக மரத்தின்மேல் படிந்தால் அடியில் ஈரம் தங்கி வெள்ளையாகப் பூக்கும்.